விளையாத நெல்லுக்கு வரும் பணம்

டெக்சாஸ் மாநிலத்தின் ஹியூஸ்டன் நகரத்தை விட்டுத் தென்மேற்கே 59ஆம் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கார் ஓட்டினால் எல் காம்போ என்ற சிற்றூர் வரும். 2006ஆம் ஆண்டு ஜூலை மாதம் ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழ் இந்த ஊர்ப் பக்கத்து வீட்டுமனை ஒன்றைப் பற்றி எழுதியது. மனையின் பரப்பு 18 ஏக்கர். நடுவில் புதிதாகக் கட்டிய பெரிய வீடு, சுற்றிலும் புல். வீட்டுக்காரருக்கும் விவசாயத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் ஆண்டுதோறும் ஏறக்குறைய 1,300 டாலர் மத்திய அரசிடமிருந்து வந்துகொண்டிருந்தது. நெல்லுக்கான மானியம் அது. அந்த மண்ணில் எப்போதோ நெல் விளைந்திருக்கிறது. பணம் வருவதற்கு அந்த ஒரு தகுதி போதும். இந்தக் கொள்கை தவறு என்று வீட்டுக்காரரே செய்தியாளர்களிடம் சொன்னார்.

அரசு ஆவணங்களை அலசிய அந்த நாளிதழ், 2000ஆம் ஆண்டு முதல் விவசாயமே செய்யாதவர்களுக்குப் போன மானியம் குறைந்தபட்சம் 130 கோடி டாலர் என்று கணக்கிட்டது. இதில் மோசடி எதுவும் இல்லை என்பதுதான் வேடிக்கை. யாரும் பொய்க் கையெழுத்துப் போடவில்லை, எந்த அதிகாரியும் கையூட்டு வாங்கவில்லை. அமெரிக்க நாடாளுமன்றம் கூடிப் பேசி, வாக்களித்து, அதிபர் கையெழுத்திட்ட சட்டத்தில் எழுதியிருந்தபடியே எல்லாம் நடந்தது.

எல் காம்போ இருப்பது வார்ட்டன் கவுண்டியில். கவுண்டி என்பது மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு. இதன் பரப்பு ஆயிரம் சதுர மைலுக்குச் சற்று மேல். 2020 கணக்கெடுப்புப்படி மக்கள் தொகை 41 ஆயிரத்துச் சொச்சம். குறுக்கே கொலராடோ ஆறு ஓடுகிறது. கிராண்ட் கேன்யனைக் குடைந்த கொலராடோ வேறு; இது டெக்சாசுக்குள்ளேயே பிறந்து, டெக்சாசுக்குள்ளேயே மெக்சிகோ வளைகுடாவில் கலக்கிற ஆறு. தட்டையான களிமண் நிலம், வெப்பம், மழை, பக்கத்தில் கடல் எல்லாம் சேர்ந்து இந்தக் கரையோரத்தை நெல் நாடாக்கின. வெப்ஸ்டர் என்ற ஊரில் 1903இல் வந்து குடியேறி, ஜப்பானிய விதைநெல்லை விளைவித்த செய்ட்டோ சைபாராவுக்கு டெக்சாஸ் நெல் வரலாற்றில் தனி இடம் உண்டு.

இங்கே நாற்றும் இல்லை, நடவும் இல்லை. விதையைப் பெரிய இயந்திரங்கள் விதைக்கும், அல்லது சிறு விமானம் தூவிவிட்டுப் போகும். மார்ச், ஏப்ரலில் விதைத்தால் ஜூலை, ஆகஸ்டில் அறுப்பு. அதோடு முடிவதில்லை. அறுத்த தாளுக்கு மறுபடி தண்ணீர் கட்டினால் அடிக்கட்டை துளிர்த்து, மறுதாம்புப் பயிராக இன்னொரு விளைச்சல் கொடுக்கும். அமெரிக்காவின் பெரிய நெல் மாநிலங்களான ஆர்கன்சாவுக்கும் கலிபோர்னியாவுக்கும் இந்த வசதி கிடையாது. குளிர்காலத்தில் வயலில் தண்ணீர் நிற்கும்போது வடக்கேயிருந்து வாத்துகள் கூட்டம் கூட்டமாக இறங்கும். வேட்டைக்கு வருகிற நகரத்துக்காரர்களிடம் நிலத்துக்காரர் தனியாக ஒரு வாடகை பார்ப்பார்.

இத்தனை வாய்ப்பும் இருந்த டெக்சாசில் 1980களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 6 லட்சம் ஏக்கரில் நெல் விளைந்தது. ‘வாஷிங்டன் போஸ்ட்’ செய்தியாளர்கள் வந்துபோன சமயத்தில் அது 2 லட்சம் ஏக்கருக்குள் சுருங்கிவிட்டது. விலை வீழ்ச்சி, டீசல் செலவு, நகரத்தின் வளர்ச்சி என்று காரணங்கள் பல. நெல்லைக் காப்பதற்காகக் கொடுத்த பணமும் அந்தக் காரணங்களில் ஒன்று.

பேஸ் ஏக்கர்

கவுண்டி தோறும், அல்லது இரண்டு மூன்று கவுண்டிகளுக்குச் சேர்த்து, வேளாண் துறையின் பண்ணைச் சேவை முகமை ஓர் அலுவலகம் வைத்திருக்கிறது. நாடு முழுவதும் 2,000க்கும் மேற்பட்ட அலுவலகங்கள். ஒவ்வொரு பண்ணைக்கும் அங்கே ஓர் எண் உண்டு. அந்த எண்ணுக்குக் கீழே ‘பேஸ் ஏக்கர்’ என்று ஒரு கணக்கு எழுதியிருக்கும். இந்தப் பண்ணையில் இத்தனை ஏக்கர் நெல், இத்தனை ஏக்கர் பருத்தி, இத்தனை ஏக்கர் சோளம் என்பதுதான் கணக்கு. நம் கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் பயிர் எழுதுவதைப் போல இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அடங்கல் ஆண்டுதோறும் மாறும், இது மாறாது. எப்போதோ ஒரு காலத்தில் சில ஆண்டுகள் என்ன பயிரிட்டார்களோ, அதன் சராசரியைப் பதிந்து உறைய வைத்துவிட்டார்கள். நெல்லைப் பொறுத்தவரை அந்தப் பதிவின் வேர் 1980களில் இருக்கிறது. நிலம் கைமாறினால் பேஸ் ஏக்கரும் கூடவே கைமாறும். இன்றைக்கு வயலில் என்ன நிற்கிறது என்பது இந்தக் கணக்கில் சேராது.

2002 வேளாண் சட்டத்தின் கீழ் நெல்லுக்கு நேரடி மானியம் நூறு பவுண்டுக்கு 2.35 டாலர். பண்ணையின் பதிவு விளைச்சல் ஏக்கருக்கு 4,800 பவுண்டு, அதாவது 48 நூறு பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். பேஸ் ஏக்கரில் 85 சதவீதத்துக்குத்தான் பணம். 48ஐ 2.35ஆல் பெருக்கி அதில் 85 சதவீதம் எடுத்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 96 டாலர். நெல் விலை ஏறினாலும் இறங்கினாலும், நெல் போட்டாலும் போடாவிட்டாலும் இந்த 96 டாலர் வரும். மாடு மேய்க்கலாம், மரம் வளர்க்கலாம், ஒன்றுமே செய்யாமலும் இருக்கலாம்.

தக்காளி மட்டும் நடக்கூடாது. பேஸ் ஏக்கரில் காய்கறியும் பழமும் பயிரிட்டால் மானியம் போய்விடும் என்று சட்டம் சொன்னது. மானிய ஆதரவோடு புதிதாகப் போட்டிக்கு ஆள் வருவதைக் கலிபோர்னியா, ஃபுளோரிடா காய்கறிப் பண்ணையார்கள் விரும்பவில்லை. புல் வளர்த்தால் பணம், தக்காளி வளர்த்தால் இல்லை என்ற இந்த விதி பின்னால் உலக வர்த்தக அமைப்பில் அமெரிக்காவின் காலை வாரிவிட்டது. பருத்தி மானியத்தை எதிர்த்து பிரேசில் தொடுத்த வழக்கில் 2005ஆம் ஆண்டு மேல்முறையீட்டு அமர்வு தீர்ப்பளித்தபோது, பயிரோடு தொடர்பற்ற மானியம் என்று அமெரிக்கா சொன்னதை ஏற்க முடியாது என்பதற்குக் காட்டிய காரணம் இந்தக் காய்கறித் தடைதான்.

பயிரோடு தொடர்பில்லாமல் பணம் கொடுப்பது பைத்தியக்காரர்கள் போட்ட திட்டம் அல்ல. பொருளாதார நிபுணர்கள் யோசித்துச் சொன்னது. பயிரை வைத்துப் பணம் கொடுத்தால் விவசாயி சந்தையைப் பார்க்க மாட்டான், மானியத்தைப் பார்த்துத்தான் விதைப்பான். உற்பத்தி மிஞ்சும், விலை விழும், மறுபடி மானியம் கூடும். இந்தச் சுழலை அறுக்க வேண்டும் என்றுதான் 1996இல் சட்டம் கொண்டுவந்தார்கள். ‘விவசாயம் செய்யும் சுதந்திரம்’ என்பது அதற்கு வழங்கிய செல்லப்பெயர். ஏழு ஆண்டுகளுக்குப் பணம் கொடுப்பார்கள், அது படிப்படியாகக் குறையும், பிறகு விவசாயிகள் சொந்தக் காலில் நிற்பார்கள் என்பது ஏற்பாடு. இரண்டே ஆண்டில் ஆசியப் பொருளாதாரம் சரிந்தது, தானிய விலை விழுந்தது. நாடாளுமன்றம் பணத்தைக் குறைப்பதற்குப் பதிலாக அவசர உதவி என்று இன்னொரு மடங்கு கொடுத்தது. 2002இல் தற்காலிக உதவியை நிரந்தர நேரடி மானியமாகச் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 500 கோடி டாலர்.

குத்தகைக்காரர் எங்கே போனார்?

அமெரிக்க விவசாய நிலத்தில் ஏறக்குறைய 39 சதவீதம் வாடகை நிலம் என்று 2014இல் வேளாண் துறையே கணக்கெடுத்தது. அந்த வாடகை நிலத்திலும் ஐந்தில் நான்கு பங்கு, விவசாயம் செய்யாத சொந்தக்காரர்களுடையது. தாத்தா வாங்கிய நிலத்துக்குப் பேரன் சொந்தக்காரர். இருப்பது டல்லாசிலோ டென்வரிலோ. உழுகிறவர் ஊரில் இருக்கிறார். அவர் ரொக்கமாகக் குத்தகை கொடுப்பார், அல்லது விளைச்சலில் வாரம் பிரித்துக் கொடுப்பார். ரொக்கக் குத்தகை என்றால் மானியம் உழுகிறவருக்கு. வாரம் என்றால் இருவருக்கும் பங்கு. சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

மானியம் உழுகிறவர் கைக்கு வருகிறது என்று தெரிந்ததும் அடுத்த ஆண்டு சொந்தக்காரர் குத்தகையை ஏற்றுவார். இது எல்லா ஊரிலும் நடப்பது. டெக்சாஸ் நெல் நாட்டில் அதற்கும் ஒரு படி மேலே போனார்கள். குத்தகைக்காரரை வைத்து நெல் போட்டால் வாய்க்கால் பராமரிப்பு, கிணற்றுச் செலவு, வாரத் தகராறு. நெல்லே போடாமல் விட்டால் ஏக்கருக்குத் தொண்ணூற்றுச் சொச்சம் டாலர் அலுங்காமல் குலுங்காமல் வரும், அதுவும் முழுசாகத் தனக்கே. மேய்ச்சலுக்கும் வாத்து வேட்டைக்கும் விட்டால் அதன்மேல் இன்னும் கொஞ்சம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த சில சொந்தக்காரர்கள் பல காலமாக உழுதுவந்த குத்தகைக்காரரை வெளியே அனுப்பினார்கள். விவசாயியைக் காக்க வந்த பணம், விவசாயியை நிலத்திலிருந்து கிளப்பியது.

நெல் குறைந்தால் பாதிப்பு வயலோடு நிற்பதில்லை. நெல் உலர்த்தும் ஆலைக்கு வரத்து இல்லை, விதை தூவும் விமானத்துக்கு வேலை இல்லை, டிராக்டர் கடையில் விற்பனை இல்லை. மானியப் பணம் மட்டும் கவுண்டிக்கு வந்ததாகவே கணக்கில் நிற்கும். வந்த பணத்தில் எவ்வளவு அந்த ஊரில் செலவானது, எவ்வளவு வெளியூர் வங்கிக் கணக்குக்குப் போனது என்பது எந்தப் பட்டியலிலும் தெரியாது.

மனை வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? பழைய நெல் வயல்களைத் துண்டு போட்டு, ‘மானியத்தோடு கூடிய கிராமத்து மனை’ என்ற தோரணையில் விற்றார்கள். இப்படிப்பட்ட மனைகளுக்கு அந்தப் பக்கத்தில் ‘கௌபாய் ஸ்டார்ட்டர் கிட்’ என்றே பெயர் விழுந்தது. ஒரு வீடு, இரண்டு குதிரை, அரசாங்கத்திடமிருந்து ஆண்டுக்கு ஒரு காசோலை. 18 ஏக்கர் புல்வெளிக்குப் பணம் வந்த கதை இதுதான்.

நிலத்துக்குக் கொடுத்த பணம் உழுகிறவனைத் துரத்தியது இதுவே முதல் தடவையும் அல்ல. 1933இல் அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு முதல் வேளாண் சீரமைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது பருத்தி விலை அதலபாதாளத்தில் கிடந்தது. உற்பத்தியைக் குறைத்தால் விலை ஏறும் என்று, வயலில் நின்ற பருத்தியில் ஏறக்குறைய ஒரு கோடி ஏக்கரை உழுது அழிக்கச் சொல்லிப் பணம் கொடுத்தார்கள். ஒப்பந்தம் நிலக்கிழாரோடு. அவர் தன் நிலத்தில் வாரத்துக்கு உழும் குடும்பங்களுக்குப் பங்கு தர வேண்டும், அடுத்த ஒப்பந்தப்படி அவர்களை ‘முடிந்தவரை’ நிலத்திலேயே வைத்திருக்க வேண்டும். அந்த ‘முடிந்தவரை’ போதுமானதாக இருந்தது. தெற்கு மாநிலங்களில் கறுப்பரும் வெள்ளையருமாக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. ஆர்கன்சாவில் டைரோன்சா என்ற ஊரருகே 1934 ஜூலையில் இரு நிறத்தாரும் ஒன்றாக உட்கார்ந்து தெற்கு வாரக்காரர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அன்றைய தெற்கில் இரு நிறத்தாரும் ஒரே சங்கத்தில் சேர்வதே உயிரைப் பணயம் வைக்கும் காரியம். வாஷிங்டனில் வேளாண் துறையின் சட்டப்பிரிவு இந்தக் குடும்பங்களுக்குச் சாதகமாக ஒப்பந்தத்துக்குப் பொருள் சொன்னது. அப்படிச் சொன்னவர்களை, தலைமை வழக்கறிஞர் ஜெரோம் ஃபிராங்க் உட்பட, 1935 பிப்ரவரியில் வேலையிலிருந்து நீக்கினார்கள்.

உள்ளூரில் இந்தத் திட்டங்களை நடத்த விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கவுண்டிக் குழு என்ற ஏற்பாடும் அந்தக் காலத்தில் வந்ததுதான், இன்றும் இருக்கிறது. கேட்க ஜனநாயகமாக இருக்கும். ஊரில் செல்வாக்கு யாருக்கோ குழுவில் இடமும் அவர்களுக்கே என்றால் என்ன ஆகும் என்பதற்குக் கறுப்பின விவசாயிகள் தொடுத்த ‘பிக்ஃபோர்ட்’ வழக்கு சாட்சி. கடன் விண்ணப்பம் மாதக்கணக்கில் கிடப்பில் கிடக்கும், விதைப்புப் பருவம் தாண்டிய பிறகு பணம் வரும் அல்லது வராது. 1999இல் சமரசத் தீர்ப்பு. அதில் விடுபட்டவர்களுக்காக 2010இல் இன்னும் 125 கோடி டாலர்.

பெயர்ப் பட்டியல்

யாருக்கு எவ்வளவு போகிறது என்பது நெடுங்காலம் வெளியே தெரியாது. தனிநபர் அந்தரங்கம் என்று துறை மறுத்து வந்தது. பருத்தி மானியம் வாங்கியவர்களின் பெயர்களைக் கேட்டு ‘வாஷிங்டன் போஸ்ட்’ போட்ட வழக்கில் 1996இல் கூட்டாட்சி நீதிமன்றம் பெயர்களைக் கொடுக்கச் சொன்னது. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் தரவுகளை வாங்கிய சூழலியல் செயற்குழு என்ற அமைப்பு, 2001 நவம்பரில் நாடு முழுவதுக்குமான பட்டியலைக் கவுண்டிவாரியாக வெளியிட்டது. காபிக் கடையில் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு வாங்குகிறார் என்று ஊரே பார்க்கலாம். பார்த்தது. பல கிராமங்களில் அண்டை வீட்டுக்காரர் முகம் பார்க்கச் சங்கடப்பட்ட மாதங்கள் அவை. 1995 முதல் 2021 வரை பயிர் மானியத்தில் 78 சதவீதத்துக்கு மேல், பெறுவோரில் மேல் பத்து சதவீதத்தினருக்கே போனது என்பது அந்த அமைப்பின் கணக்கு.

பட்டியலில் செத்தவர்களும் இருந்தார்கள். 1999 முதல் 2005 வரை 1,72,801 காலமானவர்களின் பெயரில் 110 கோடி டாலர் போயிருக்கிறது என்று அரசின் தணிக்கை அமைப்பு 2007இல் அறிக்கை கொடுத்தது. அதில் நாற்பது சதவீதம், இறந்து மூன்று ஆண்டோ அதற்கு மேலோ ஆனவர்களின் பெயரில். எல்லாம் முறைகேடு என்று சொல்லிவிட முடியாது; சொத்துப் பிரிக்கும் வரை இறந்தவர் பெயரிலேயே பணம் வரச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஏழு ஆண்டாகியும் பிரிக்காத குடும்பங்கள் நிறைய இருந்தன என்பதுதான் ஆச்சரியம்.

ஒரு ஆளுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இல்லையா என்றால், உண்டு. நேரடி மானியத்துக்கு ஆளுக்கு 40,000 டாலராக இருந்தது. 2014 சட்டத்தில் எல்லாம் சேர்த்து 1,25,000. ஆனால் ‘ஆள்’ என்பதை எப்படி எண்ணுவது? கணவன் ஓர் ஆள், மனைவி இன்னோர் ஆள். மகன், மகள், அண்ணன் தம்பி ஆகியோரைக் கூட்டாளியாகச் சேர்த்துக் கூட்டுப் பண்ணை அமைத்தால் தலைக்கு ஒரு வரம்பு. மண்ணில் இறங்க வேண்டியதுமில்லை. நிர்வாகத்தில் பங்கெடுக்கிறேன் என்று சொன்னால் போதும். 2018 சட்டத்தில் ஒன்றுவிட்ட சகோதரர்களையும் அண்ணன், அக்கா பிள்ளைகளையும் குடும்பக் கணக்கில் சேர்த்தார்கள். நம்மூரில் நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது பினாமி பெயர்களில் நிலம் எழுதிய கதை தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. அங்கே அது ஒளிவுமறைவில்லாமல், வழக்கறிஞர் துணையோடு நடக்கிறது.

ஒட்டுப்போட்ட சட்டம்

நாளிதழ்ச் செய்தி வந்த பிறகு நாடாளுமன்றம் அசையவில்லை என்று சொல்ல முடியாது. 2008 சட்டம், 10 ஏக்கர் அல்லது அதற்குக் குறைவான பேஸ் வைத்திருக்கும் பண்ணைகளுக்குப் பணத்தை நிறுத்தியது. வீட்டுமனையாகப் பிரித்த நிலத்தின் பேஸ் ஏக்கரை நீக்கச் சொன்னது. ‘கௌபாய் ஸ்டார்ட்டர் கிட்’ கதை அதோடு முடிந்தது. 2014 சட்டம் நேரடி மானியத்தையே ஒழித்தது. அதற்குப் பதிலாக இரண்டு திட்டங்கள். ஒன்று, கவுண்டியின் சராசரி வருமானம் குறைந்தால் பணம். மற்றது, விலை ஒரு குறிப்பு விலைக்குக் கீழே போனால் பணம். நெல்லுக்கு நூறு பவுண்டுக்கு 14 டாலர் என்று குறிப்பு விலை வைத்தார்கள். நெல் பேஸ் வைத்திருந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இரண்டாவதைத்தான் எடுத்தார்கள், ஏனென்றால் 14 டாலர் தாராளமான விலை.

பழைய திட்டத்தில் நல்ல விலை கிடைத்த ஆண்டிலும் பணம் வந்தது. புதியதில் விலை விழுந்தால்தான் வரும். இது நல்ல மாற்றமே. ஆனால் பணத்தை எதன்மேல் கணக்கிடுகிறார்கள்? அதே பேஸ் ஏக்கர், அதே 85 சதவீதம். நெல் பேஸ் இருக்கும் நிலத்தில் இன்று சோளம் போட்டாலும், தரிசாக விட்டாலும், நெல் விலை விழுந்தால் நெல்லுக்கான பணம் வரும். நெல் போட்டு நட்டப்படுகிற பக்கத்து வயல்காரரிடம் நெல் பேஸ் இல்லையென்றால் அவருக்கு ஒன்றும் வராது. 2018இல், 2009 முதல் ஒன்பது ஆண்டுகளாக வெறும் புல்லும் மேய்ச்சலுமாகவே கிடந்த பண்ணைகளுக்கு இந்தப் பணத்தை நிறுத்தினார்கள். நிறுத்திவிட்டு, புல்லைப் புல்லாகவே காப்பதற்கு ஏக்கருக்கு 18 டாலர் கொடுத்தார்கள். வெறுங்கையோடு யாரையும் அனுப்பும் வழக்கம் வாஷிங்டனுக்கு இல்லை.

இதற்கிடையே வார்ட்டன் பக்கத்து நெல்லுக்கு உண்மையான அடி வேறு திசையிலிருந்து வந்தது. ஆற்றின் மேல்புறத்தில் மாநிலத் தலைநகரான ஆஸ்டின். அதற்கும் மேலே உள்ள புக்கனன், டிராவிஸ் ஏரிகளில் தேங்கும் நீர்தான் கீழ்ப்புறத்து நெல் வாய்க்கால்களுக்கும் வரும். 2011இல் டெக்சாசைக் கடும் வறட்சி வாட்டியது. மறு ஆண்டு வசந்தத்தில் கொலராடோ கீழ்ப்படுகை ஆணையம், தன் வரலாற்றில் முதல் முறையாக, பெரும்பாலான நெல் விவசாயிகளுக்கு ஏரித் தண்ணீரை நிறுத்தியது. 2015 வரை நான்கு ஆண்டுகள் இதே கதி. மிகப் பழைய நீருரிமை வைத்திருந்த கார்வுட் பகுதிக்கு மட்டும் தண்ணீர் போனது. மேட்டூர் திறக்கவில்லை என்றால் தஞ்சாவூரில் என்ன பேச்சு நடக்குமோ அதே பேச்சு எல் காம்போவிலும் நடந்தது. எதிரே இருந்தது இன்னொரு மாநிலம் அல்ல, சொந்தத் தலைநகரத்தின் குடிநீர்க் குழாய்.

அப்போது பலரைத் தாங்கியது பயிர்க்காப்பீடு. விதைக்க முடியாமல் போனாலும் இழப்பீடு தரும் பிரிவு அதில் உண்டு. பிரீமியத்தில் சராசரியாக 60 சதவீதத்துக்கு மேல் அரசே கட்டுகிறது. விற்பது தனியார் நிறுவனங்கள், அவர்களின் நிர்வாகச் செலவும் அரசின் தலையில். இந்தக் காப்பீட்டு மானியத்துக்கு உச்சவரம்பு கிடையாது. யார் வாங்கினார்கள் என்ற பெயரையும் சட்டம் வெளியிட விடாது. பழைய பட்டியலைப் படித்துக் கொதித்தவர்கள், மானியத்தில் பெரும்பகுதி பட்டியலில்லாத இடத்துக்கு நகர்ந்துவிட்டதை அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

வர்த்தகப் போரும் நம் அரிசியும்

2018இல் சீனாவோடு டிரம்ப் வரிப்போர் தொடங்கினார். சீனா அமெரிக்க சோயாவை வாங்குவதைக் குறைத்தது. ஈடாக இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 2,300 கோடி டாலர் விவசாயிகளுக்குப் போனது. முதல் ஆண்டில் சோயாவுக்கு ஒரு புஷலுக்கு 1.65 டாலர், மக்காச்சோளத்துக்கு ஒரே ஒரு சென்ட். மக்காச்சோளக்காரர்கள் கோபப்பட்டதில் நியாயம் உண்டு. மறு ஆண்டு பயிர்வாரிக் கணக்கை விட்டுவிட்டுக் கவுண்டிக்கு ஒரு விலை என்று வைத்தார்கள்: ஏக்கருக்கு 15 முதல் 150 டாலர் வரை. சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு கவுண்டி, அந்தப் பக்கம் ஒரு கவுண்டி. ஒரே மண், ஒரே பயிர், கையில் வரும் பணம் வேறு. கொரோனா உதவியும் சேர்ந்த 2020இல் விவசாயிகளுக்கு நேரடியாகப் போன அரசுப் பணம் 4,500 கோடி டாலரைத் தாண்டியது. அதற்கு முன் எந்த ஆண்டிலும் அவ்வளவு போனதில்லை.

2025 டிசம்பரில் மறுபடி ஒரு 1,200 கோடி டாலர் உதவியை டிரம்ப் அறிவித்தார். நெல்லுக்கு ஏக்கருக்கு ஏறக்குறைய 133 டாலர் என்று பின்னர் முடிவானது. மற்ற பெரிய பயிர்களைவிட அதிகம். அறிவிப்பு நடந்த வெள்ளை மாளிகைக் கூட்டத்திலேயே லூசியானாவைச் சேர்ந்த அரிசி ஆலைத் தலைவர் ஒருவர், இந்தியா உள்ளிட்ட நாடுகள் மலிவு அரிசியைக் கொண்டுவந்து கொட்டுகின்றன என்று புகார் சொன்னார். இந்திய அரிசிக்கு வரி போடலாம் என்ற பேச்சு நம் ஊர்ச் செய்திகளில் அடிபட்டது அப்படித்தான்.

இந்தப் புகார் புதிதும் அல்ல. இந்தியாவின் குறைந்தபட்ச ஆதரவு விலை உலக வர்த்தக அமைப்பின் பத்து சதவீத வரம்பை மீறுகிறது, அரிசிக்கு அது உற்பத்தி மதிப்பில் 74 முதல் 84 சதவீதம் வரை போகிறது என்று 2018 மே மாதம் அமெரிக்கா எழுத்துமூலம் குற்றம் சாட்டியது. 1986 முதல் 1988 வரையிலான விலையை அடிப்படையாக வைத்துப் போடும் கணக்கு அது என்பதால் இந்தியா ஏற்கவில்லை. உறைந்துபோன பழைய எண்ணை வைத்து இன்றைய விவசாயத்தை அளப்பது அவர்களுக்குக் கைவந்த கலை என்று தோன்றுகிறது. உள்ளூர் என்றால் அது மானியம், வெளியூர் என்றால் குற்றச்சாட்டு.

வார்ட்டன் விவசாயியை வில்லனாக்குவது எளிது, ஆனால் நேர்மையாகாது. விலை அவர் கையில் இல்லை, தண்ணீரும் இல்லை. 2017இல் ஹார்வி புயல் வெள்ளம் வார்ட்டன் ஊரையே மூழ்கடித்தது. உரமும் டீசலும் ஏறுகின்றன, ஓர் அறுவடை இயந்திரத்தின் விலை பல லட்சம் டாலர். வங்கி பயிர்க்கடன் கொடுக்கும்போது முதலில் கேட்பது குறிப்பு விலை எவ்வளவு, காப்பீடு எவ்வளவு என்றுதான். மானியத்தை நாளை நிறுத்தினால் முதலில் கவிழ்பவர் டல்லாசில் இருக்கும் பேரன் அல்ல, கடன் வாங்கி உழும் குத்தகைக்காரர். அரசியல்வாதிகளுக்கு இது நன்றாகத் தெரியும். அவரைக் காட்டித்தான் ஒவ்வொரு சட்டமும் நிறைவேறுகிறது.

கடைசியாக நிறைவேறியது 2025 ஜூலையில். நெல்லின் குறிப்பு விலை 14 டாலரிலிருந்து 16.90 டாலராக ஏறியது. ஆளுக்கு உச்சவரம்பு 1,25,000 டாலரிலிருந்து 1,55,000. கூடவே, நாடு முழுவதும் 3 கோடி ஏக்கர் வரை புதிய பேஸ் ஏக்கர் பதிந்துகொள்ளலாம் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. பழைய பதிவு காலத்துக்கு ஒவ்வாது என்ற புகாருக்கு வந்த பதில் இது. 2019 முதல் 2023 வரை என்ன பயிரிட்டார்கள் என்பதன் சராசரியை எடுத்து, ஏற்கெனவே உள்ள பேஸைவிட அது கூடுதலாக இருந்தால் வித்தியாசத்தைப் புதிதாகச் சேர்ப்பார்கள். பதிவு நிலத்தின் பெயரில், வேண்டாம் என்று சொல்லும் உரிமை நிலத்தின் சொந்தக்காரருக்கு. அந்த ஐந்து ஆண்டுகளில் குத்தகைக்கு எடுத்து உழுது விதைத்தவர் இப்போது வேறு நிலத்துக்குப் போயிருந்தால், அவர் விதைத்த கணக்கு பழைய நிலத்திலேயே தங்கிவிடும்.